நொடிக்கு அறுபது படம்

…அறுபது போதும், அதற்கு மேல் கம்ப்யூட்டர் வரைந்தாலும் கண்ணுக்குத் தெரியாது என்று கடையில் பக்கத்து மேசைக்காரர் அடித்துச் சொன்னார், முப்பது வருடமாக மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தேய்க்கிறவர், கண்ணைப் பற்றி அவர் சொன்னால் அதே வேலை பார்க்கிற நான் தலையாட்ட வேண்டியதுதான். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது வந்த கார் பந்தய விளையாட்டு, அன்றைய கம்ப்யூட்டர் முக்கி முனகி நொடிக்கு முப்பது படம் வரைந்தது, இந்த லேப்டாப்போ கட்டுப்பாடே இல்லாமல் தொள்ளாயிரம் வரைகிறது, யார் கேட்டார்கள் இவ்வளவு? போதும் என்று யாரும் சொல்லவில்லை, அதனால் வரைந்துகொண்டே இருக்கிறது, உள்ளே விசிறி அலறுகிறது, அடியில் கை வைக்க முடியவில்லை. நேற்று ஒத்திகை பார்த்தேன், பன்னிரண்டாவது நிமிடம் தொண்ணூற்றெட்டு டிகிரி, பொட்டென்று அணைந்துவிட்டது. இன்று நான்கு மணிக்கு அக்காவோடு ஆடும்போதும் இப்படி நடந்தால் தொலைந்தேன், லேப்டாப்தான் அணைந்தது என்றால் அவள் நம்பவே மாட்டாள்.

எப்படி நம்புவாள்? அந்த நாளில் ஒரே கீபோர்டில் ஆளுக்கொரு மூலையைப் பிடித்து இதே பந்தயம் ஓடுவோம், அவள் முந்திவிட்டால் நான் காலை நீட்டி மேசைக்கடியில் இருந்த சுவிட்சை மிதித்து அணைப்பேன், கரண்ட் போயிடுச்சு என்பேன், தலைக்கு மேலே மின்விசிறி பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும்… அவள் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்வாள். மூன்று வருடத்துக்கு முன் அம்மாவின் ஆபரேஷனுக்கு நான் போகவில்லை, பயம், வேறொன்றுமில்லை, அக்கா போனில் "ஏன்டா வரல" என்று ஆரம்பித்தாள், பாதியிலேயே வைத்துவிட்டேன். அதோடு சரி. அம்மா அவளோடுதான் இருக்கிறாள், எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் சம்பளமில்லாத தபால்காரி. போன வாரம் அந்தத் தபாலில்தான் வந்தது, "அந்தக் கார் வெளையாட்டு இன்னும் இருக்கான்னு கேட்டாடா அவ."

இருக்கு, அவரவர் வீட்டிலிருந்தே நெட்டில் ஆடலாம் என்று அதே தபாலில் சொல்லி அனுப்பினேன், அதற்குத்தான் இத்தனை வைத்தியமும்… நொடிக்கு அறுபது படம் என்று கட்டிப் போட்டேன், பிராசசர் எழுபது சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று செட்டிங்கில் வைத்தேன், சும்மா திறந்து கிடந்த பதினேழு பிரவுசர் பக்கங்களை மூடினேன், காற்று போக அடியில் இரண்டு ரப்பர் கட்டிகள். ஐம்பத்தெட்டு டிகிரி, விசிறி மூச்சுக்கூட விடவில்லை. நான்கு அடித்ததும் ஸ்பீக்கரில் போன். "கேக்குதாடா?" "கேக்குதுக்கா." மூன்று வருடத்துக்கு இவ்வளவுதானா? கார்கள் கிளம்பிவிட்டன, அவள் பழையபடி முன்னால், பாவி, கை கொஞ்சமும் மறக்கவில்லை. கடைசி வளைவில் மட்டும் அவள் கார் தளர்ந்தது, ஐயோ, அறுபதில் கட்டியது தப்போ, சில பழைய விளையாட்டுகளில் படத்தைக் குறைத்தால் ஓட்டமே மந்தமாகும் என்று படித்தேனே… ஆனால் என் கார் நூற்று நாற்பதில் பறக்கிறது, திரை மூலையில் ஆட்டக் கடிகாரமும் சரியாக ஓடுகிறது.

"உன் லேப்டாப் சூடாயிடுச்சாக்கா?" என்றேன். "இல்லையே, நல்லாத்தான் ஓடுது. நீ ஓட்டு." தாண்டினேன், ஜெயித்தேன். இரண்டாவது ஆட்டம், அதே வளைவு, அதே தளர்ச்சி, இந்த முறை சரியாகப் பார்த்தேன், அவள் காரின் பின்விளக்கு இரண்டும் சிவப்பாக எரிகின்றன. பிரேக் போடுகிறாள். வேண்டுமென்றேதான். அப்படியானால் அந்த நாளில் நான் அணைக்காமல் ஜெயித்த ஆட்டங்கள்… எத்தனை அவள் கொடுத்தது? தோற்றால் எழுந்து போய்விடுவான் என்று நாற்பதை நெருங்கும் தம்பிக்காக இன்னும் பயப்படுகிறாள். "இன்னொரு ஆட்டம் போலாமாடா?" என்று கேட்கிறாள், குரலில் எவ்வளவு ஜாக்கிரதை. பிரேக் போடாம ஓட்டுக்கா என்று சொல்ல வேண்டும், ஒரு வாக்கியம்தான், சொன்னால் நிச்சயம் தோற்பேன். தோற்ற பிறகு என்ன செய்வேன் என்று உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை.