வலி நின்ற நாள்

மே மாதம் என் மனைவி யென்பிங்குக்கு வலது விலாவின் கீழ் வலி வந்தது. ஸ்கேனில் ஒன்பது மில்லிமீட்டர் கல், சிறுநீர்க்குழாயில் சிக்கியிருந்தது. இடது பக்கமும் ஒரு கல், சும்மா கிடந்தது. மருத்துவர் மாத்திரை எழுதினார். சிறுநீரை வடிகட்டிப் பாருங்கள், வலி நின்றாலும் இரண்டு வாரத்தில் மறுபடி ஸ்கேன் என்றார். நிறையத் தண்ணீர் குடிக்கவும் சொன்னார்.

தென்சீனத்து டோங்குவானில் நாங்கள் இருவரும் ஒரே தொழிற்சாலை. அவளுக்கு சர்க்யூட் பலகையில் ஈயம் பற்றவைக்கும் வேலை. அவள் வரிசையில் நாற்பது பேர், கழிப்பறை போக இரண்டு அட்டை. அட்டையைக் கழுத்தில் மாட்டியவர்தான் எழுந்து போகலாம். மதியத்துக்குப் பிறகு அவள் தண்ணீரைத் தொடமாட்டாள். இரண்டு அட்டை போதும் என்று நேரம் அளந்து எழுதிக்கொடுத்த பொறியாளன் நான்.

கீழ்வீட்டு குவாங் மாமா மூலிகைக் கஷாயம் காய்ச்சிக் கொடுத்தார். குதிக்கக் கயிறும் கொடுத்தார்.

"தினம் முந்நூறு தடவை குதிம்மா. கல்லு தானா எறங்கிடும்."

"அதுக்கு முன்னாடி ஒங்க கூரை எறங்கிடும், மாமா."

"எறங்கட்டும். வாடகை வீடுதானே."

ஒன்பதாவது நாள் வலி நின்றது. தேநீர் வடிகட்டியில் கல் விழவில்லை.

"கல்லைப் பாத்தியா?" என்று கேட்டேன்.

"ஃபேக்டரி கக்கூசுல போயிருக்கும். அங்கயும் வடிகட்டியத் தூக்கிட்டு அலையணுமா?"

"சனிக்கிழமை ஸ்கேன் இருக்கு."

"சனிக்கிழமை ஓவர்டைம். வலிக்காத எடத்தக் கொண்டுபோய்க் காட்டச் சொல்றியே, பெரிய படிப்பாளி."

நான் வற்புறுத்தவில்லை. அன்று மூவரும் வறுத்த வாத்து சாப்பிட்டோம். மாமா பியர் வாங்கி வந்தார்.

அக்டோபரில் அவளுக்கு இடப்பக்கம் வலி, குளிர்க்காய்ச்சல். மருத்துவர் திரையைக் காட்டினார். வலது சிறுநீரகம் நீர் கட்டிய பையாக இருந்தது. அந்தக் கல் அதே இடத்தில் இருந்தது. இடது பக்கக் கல்லும் இறங்கி அடைத்து, அங்கே சீழ்.

"வலி நின்னதும் ஏன் வரல?"

"கல்லு போயிடுச்சுன்னு நெனச்சோம்."

"கல்லு போகல. கிட்னிதான் கொஞ்சம் கொஞ்சமாப் போயிட்டிருந்தது. அதுக்கப்புறம் வலிக்காது."

வலது பக்கம் நன்றாக இருந்திருந்தால் தாங்கியிருப்பாள் என்றார். பதினொரு நாள் டயாலிசிஸ் செய்தார்கள். பன்னிரண்டாம் நாள் தேவைப்படவில்லை.

சாம்பலை அவள் ஊரில் சேர்த்துவிட்டுத் திரும்பினேன். மாமாவிடம் கயிற்றைக் கொடுத்தேன். என்ன ஆச்சு என்று கேட்டார். காய்ச்சல் என்றேன். கல்லைப் பற்றிச் சொல்லவில்லை. வரிசைக்கு ஐந்து அட்டை வேண்டும் என்று மேலே எழுதிக் கொடுத்தேன். பதில் இல்லை.

மார்ச்சில் மாமா படியில் வழிமறித்தார். கையில் பியர்.

"உள்ள வா, தம்பி. எனக்கும் கல்லு இருந்துச்சு, தெரியுமா? ஒரு வாரம் உயிர வாங்கிடுச்சு. ஓடியே போச்சு. இந்த வயசுல குதிச்சேன்னா பாத்துக்கோ!"

"கல்லைப் பாத்தீங்களா?"

"அத யாருப்பா தேடுவா?"

"வலி நின்னு எத்தன நாளாச்சு?"

"பதினெட்டு, இருபது இருக்கும்."

"யென்பிங்குக்கும் இப்படித்தான் நின்னுச்சு."

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. திறந்த கதவுக்குள் கயிறு சுவர் ஆணியில் தொங்கியது. அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"காய்ச்சல்னுதானே சொன்ன?"

"செருப்ப மாட்டுங்க, மாமா."