நேர்முனையில் மாட்டிய தகடு

1

இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல. பள்ளியில் வேதியியல் டீச்சராக இருக்கும் என் அக்கா கேட்டது. "நீதான் என்னென்னவோ கதை விடுறியே. ஒரு கதையிலயாவது அந்த வயரைச் சரியா மாட்டிக் குடுடா" என்றாள். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

2

முதல் தொடக்கம்: 'மின்னாற்பகுப்பு என்பது, கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தி...' [அடித்துவிட்டேன். பாடப்புத்தகம் படிக்கவா வந்தீர்கள்?]

இரண்டாவது: 'அன்று விடாமல் மழை...' [மழை பெய்யவில்லை. சோகம் என்றாலே மழையைக் கூப்பிடுவது என் கெட்ட பழக்கம்.]

நேராகவே சொல்கிறேன். அக்காவின் ஒரே மகளை வீட்டில் வாலு என்போம். அக்காவின் வகுப்பிலேயே படித்தாள். ஒருநாள் ஆய்வகத்தில் ஒரு செப்புத் தகட்டில் கவராயத்தின் முள்ளால் தன் பெயரைக் கீறினாள். பள்ளிக்கூடச் சாமானைக் கெடுத்தாள் என்று அக்கா அவளை வெளியே நிற்க வைத்தாள். அடுத்த வருடம் காய்ச்சலில் வாலு போய்விட்டாள். தகட்டை அக்கா எடுத்து வைத்துக்கொண்டாள். கட்டைவிரலால் தடவித் தடவியே பாதி எழுத்தை மங்க வைத்துவிட்டாள்.

3

தேய்ந்த தகட்டில் செம்பு ஏற்றிக் காப்பாற்றிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. நீல நிறத்தில் காப்பர் சல்பேட் கரைசல், அதற்குள் இரண்டு செப்புத் தகடுகள். நேர்முனையில் மாட்டிய தகடு கரையும். எதிர்முனையில் மாட்டியதன் மேல் செம்பு படியும். பெயர் இருந்த தகட்டை அக்கா நேர்முனையில் மாட்டினாள்.*

* இத்தனை வருடம் பாடம் நடத்தியவளா என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. எப்போதும் அவள் மேசைக்குப் பின்னால் நிற்பாள். அங்கிருந்து எதிர்முனை அவளது வலக்கைப் பக்கம். அன்று பள்ளி விடுமுறை. வாலு உட்காரும் பெஞ்சில், மேசைக்கு எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து, பழக்கத்தில் வலக்கைப் பக்கமே மாட்டினாள். அந்தப் பக்கத்திலிருந்து அது நேர்முனை.

மாலையில் வெளியே எடுத்தபோது தகடு சொரசொரவென்று அரித்துப்போயிருந்தது. பெயர் இல்லை. கரைசலின் நீலம் மட்டும் கொஞ்சமும் மாறவில்லை.

4

சரி, மாட்டிக் கொடுக்கிறேன். 'அக்கா தகட்டை எதிர்முனையில் மாட்டினாள். மாலையில் அது கனத்து, பெயரோடு...' [இங்கே ஒரு சந்தேகம்.] போன் போட்டேன்.

"அக்கா, செம்பு கீறலை விட்டுட்டா படியும்?"

"கீறல் மேலயும்தான் படியும். நாள் பூரா விட்டா எழுத்து மூடிப்போகும்."

"அப்போ சரியா மாட்டியிருந்தாலும்..."

"ம்."

"வயரை மாத்திப் போட்டா? கரைஞ்சது திரும்பி வருமில்ல?"

"செம்பு வரும்."

பெயர் வராது என்பதை அவள் சொல்லவில்லை.

5

"பின்ன எப்படித்தான்க்கா முடிக்கிறது?"

"சுவிட்ச் போடறதுக்கு முன்னாடி நிறுத்திடு. அந்த பெஞ்சுல இன்னும் கொஞ்ச நேரம் உக்காந்துக்கறேன்."

நிறுத்திவிட்டேன். தகடு எந்த முனையில் இருக்கிறது என்று எழுதப்போவதில்லை. அக்கா வாலுவின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். சுவிட்ச் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அவளாக எழுந்திருக்கும்வரை தொடாதீர்கள்.