இடப்பக்க மூச்சு

ஐம்பது மீட்டர் நீந்த எனக்கு ஒரே ஒரு மூச்சு போதும். முப்பதாவது மீட்டரில், வலப்பக்கம். அவ்வளவுதான்.

காரணம் எளிது. மூச்சுக்காகத் தலையைத் திருப்பினால் தோளும் இடுப்பும் கூடவே திரும்பும். முன்னால் நீட்டிய கை இழுக்காமல் ஒரு கணம் தண்ணீரின் மேல் சாய்ந்து கிடக்கும். கால்கள் கொஞ்சம் தாழும். எல்லாம் சேர்ந்து ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். அந்த நேரத்தில் நான் ஒரு சாண் தூரம் போவேன். இருபத்தாறு நொடியில் முடிகிற போட்டியில் ஒரு சாண் என்பது பெரிய தூரம். நெஞ்சில் ஏற்கெனவே இருக்கும் காற்றே கடைசிவரை போதும். மூச்சு முட்டுவதுபோல் தோன்றுவது உள்ளே கரியமில வாயு சேர்வதால்தான், காற்று தீர்ந்துபோனதால் அல்ல. இது புரிந்துவிட்டால் பயம் போய்விடும்.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு ஆண்டுகள் ஆயின. எதைத் தெரிந்துகொண்டாலும் உடனே யாருக்காவது விளக்கிச் சொல்லிவிடுவது என் வழக்கம். இதை மட்டும் நித்தியாவிடம் சொல்லவில்லை.

நித்தியாவும் நானும் ஒரே பயிற்றுநரிடம் நீந்துகிறோம். பெயர் சத்தியசீலன், எங்களுக்கு சீலன் கோச். அசாம் ஜாவா ஊருக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தின் பழைய கிளப் குளத்தை அவர் வாடகைக்கு எடுத்திருக்கிறார். எனக்கு இருபத்தேழு வயது. எட்டு ஆண்டுகளாக நாட்டுக் குழுவில் பெண்கள் ஐம்பது மீட்டர் என்றால் நான்தான். நித்தியாவுக்கு இருபத்திரண்டு. அவள் எண்ணூறு மீட்டர்க்காரி, நாட்டில் இரண்டாவது. நான் பயிற்சி முடித்துக் குளித்து நாசி லெமாக் சோறு தின்று கொண்டிருக்கும்போதும் அவள் குளத்தில் போய்வந்து கொண்டிருப்பாள். அப்போதெல்லாம் அவளை எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஜனவரியில் ஒரு காலை, அவள் ஈரத் தலையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, நான் எண்ணூற விடப் போறேன்."

"ஏன்லா?"

"பினாங்குல பதினஞ்சு வயசுப் பொண்ணு ஒண்ணு என்னைப் பதினோரு செகண்டு வித்தியாசத்துல அடிச்சிட்டாக்கா. இனிமே அவளப் புடிக்க முடியாது. அதோட, லேப்ப எண்ணி எண்ணியே எனக்குப் பைத்தியம் புடிச்சிரும் போல. ஐம்பது அடிக்கப் போறேன். எண்ணவே வேண்டாம்."

நான் சிரித்தேன். நல்ல யோசனை என்றுகூடச் சொன்னேன். நெடுந்தூரம் நீந்துகிறவர்கள் எல்லாருக்கும் எப்போதாவது இப்படித் தோன்றும். பிறகு மறந்துவிடுவார்கள்.

நித்தியா மறக்கவில்லை. சீலன் கோச் அவளுடைய பயிற்சியை அடியோடு மாற்றினார். நாளுக்கு ஏழாயிரம் மீட்டர் நீந்தியவள் ஆயிரத்து இருநூறோடு நிறுத்தினாள். பதினைந்து மீட்டர், உயிரைக் கொடுத்து. பிறகு இரண்டு நிமிடம் கரையில் மல்லாந்து படுத்திருப்பாள். மறுபடி பதினைந்து.

"தோட்டத்து மொதலாளி மாதிரி படுத்திருக்கியே, தே தாரே கலக்கிக் கொண்டாரட்டுமா?" என்று கேட்டேன்.

"சீனி கம்மியா, அக்கா," என்றாள் கண்ணைத் திறக்காமல்.

கேலி செய்தேனே தவிர, அது ஏன் வேலை செய்யும் என்று எனக்குத் தெரியும். கழிவறையில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதல்லவா, அதைப் போலத்தான். தசைக்குள் ஏறக்குறைய பத்து நொடிக்கான எரிபொருள் தயாராக இருக்கும். ஒரே இழுப்பில் அது காலியாகிவிடும், நிறைய இரண்டு மூன்று நிமிடம் வேண்டும். நிறைவதற்குள் மறுபடி இழுத்தால் பாதித் தண்ணீர்தான் வரும். களைத்த உடம்போடு நீந்திக்கொண்டே இருப்பவள் மெதுவாக நீந்தத்தான் பழகுவாள். நித்தியா தொட்டி நிறையும்வரை காத்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் முழு வேகத்தை மட்டுமே உடம்புக்குக் கற்றுக்கொடுத்தாள். நான் அவள் வயதில் செய்திருக்க வேண்டியது இது. அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை.

மார்ச்சில் அவள் ஐம்பது மீட்டரை இருபத்தேழு புள்ளி நான்கில் முடித்தாள். மே மாதம் இருபத்தாறு புள்ளி ஒன்பது. சீலன் கோச் முன்பெல்லாம் என் நீச்சல் வரிசையின் முனையில்தான் நிற்பார். இப்போது அவருடைய செருப்பு அவள் வரிசைக்கு முன்னால் கிடந்தது.

அதையும் பொறுத்துக்கொண்டேன். என்னால் பொறுக்க முடியாமல் போனது வாளிதான்.

என் அண்ணன் வாசு செம்பனை எண்ணெய் ஆலையில் மெக்கானிக். ஒரு சனிக்கிழமை குளத்துக்குப் போனால், கரையில் மூன்று மீட்டர் உயரத்தில் இரும்புக் குழாய்ச் சட்டம் ஒன்று நிற்கிறது. மேலே இரண்டு கப்பி, ஒரு பெரிய வாளியின் தலையில் இரண்டு கப்பி. நான்கிலும் சுற்றிவந்த கயிற்றின் முனை நித்தியாவின் இடுப்புப் பட்டையில். வாளியில் இருபது லிட்டர் தண்ணீர். வாளியை நான்கு இழைக் கயிறு தாங்குவதால், இருபது கிலோவில் கால் பங்குதான், அதாவது ஐந்து கிலோதான், அவளைப் பின்னால் இழுக்கும். அதற்கு ஈடாக அவள் நான்கு மீட்டர் நீந்தினால் வாளி ஒரு மீட்டர்தான் ஏறும். ஆகவே மூன்று மீட்டர்ச் சட்டத்திலேயே பத்து மீட்டர்வரை நீந்திவிடலாம். பாரம் கூட்ட வேண்டுமா, இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் போதும். அவ்வளவு அழகான கருவி. அதன் அழகுதான் என் வயிற்றை அதிகமாக எரித்தது.

"எனக்கு ஒரு நாளாவது இப்படிச் செஞ்சி குடுத்திருக்கியா?" என்று அண்ணனைக் கேட்டேன்.

"நீ கேட்டியா?"

"அவ கேட்டாளா?"

"ஆமா, கேட்டா. படம்லாம் வரஞ்சி எடுத்துட்டு வந்தா." கப்பிக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "மொகத்த ஏன் இப்படி வச்சிருக்க? நீயும் போட்டு இழு. வாளி என்ன வேண்டான்னா சொல்லப் போவுது?"

நான் இழுக்கவில்லை.

இந்த முறை நாட்டுக் குழுவில் ஐம்பது மீட்டருக்கு ஓர் இடம்தான் என்று ஜூலையில் கடிதம் வந்தது. ஆகஸ்டில் கோலாலம்பூரில் தேர்வு. முதலில் சுவரைத் தொடுகிறவள் போவாள். எனக்கு இது கடைசி என்று எனக்கும் தெரியும், கோச்சுக்கும் தெரியும்.

அந்த வாரமே நித்தியா என்னிடம் வந்தாள். எண்ணூறு மீட்டரில் இரண்டு கைவீச்சுக்கு ஒரு தடவை மூச்செடுத்துப் பழகியவள் அவள். எப்போது எடுப்பது, எப்போது விடுவது என்பதில் குழப்பம்.

"அக்கா, ஐம்பதுக்கு நீ எத்தன மூச்சு எடுப்ப?"

ஒன்று என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. முப்பதாவது மீட்டர், வலப்பக்கம், கரியமில வாயு எல்லாமே வரிசையாக வந்து நின்றன. கரையில் வாளி சொட்டிக்கொண்டிருந்தது.

"ரெண்டு," என்றேன்.

"ரெண்டே போதுமா! தேங்ஸ்க்கா."

அன்று முழுக்க அவள் இரண்டு மூச்சோடு நீந்திப் பார்த்தாள். நான் ஸ்டாப்வாட்ச்சில் நேரம் எடுத்துக் கொடுத்தேன்.

தேர்வில் எனக்கு நான்காவது வரிசை, அவளுக்கு ஐந்தாவது. அதாவது அவள் எனக்கு இடப்பக்கம். என் குதிப்பு நன்றாக அமைந்தது. பதினைந்து மீட்டரில் மேலே வந்தபோது எனக்குப் பக்கத்தில் யாரும் இல்லை என்று தண்ணீரே சொன்னது. முன்னால் ஒருவர் போனால் அவர் கிளப்பும் அலை தோளில் வந்து இடிக்கும். எதுவும் இடிக்கவில்லை. பிறகு, பாதி தூரத்தில், இடத் தோளில் இலேசாக ஒன்று இடித்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. முப்பதில் வலப்பக்கம் மூச்செடுத்தேன். கடைசியில் இருவர் கையும் ஒன்றாகச் சுவரில் விழுந்ததுபோல்தான் இருந்தது.

பலகையில் எண்கள் வந்தன. நித்தியா 26.21. நான் 26.28.

அவள் வரிசைகளைப் பிரிக்கும் கயிற்றைத் தாண்டி வந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நானும் அழுதேன். பார்த்தவர்கள் இரண்டு அழுகையும் ஒன்று என்றுதான் நினைத்திருப்பார்கள்.

திரும்பும்போது வாசு அண்ணன் கார் ஓட்டினான். நாங்கள் இருவரும் பின்னால். கோச் அனுப்பிய வீடியோவை நித்தியா கைப்பேசியில் மெதுவாக ஓட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஈஜோக் ஊரைத் தாண்டியதும் ஓரிடத்தில் நிறுத்தினாள். பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தாள்.

"அக்கா, இங்க பாரு. இருபத்தேழாவது மீட்டர்ல தலையத் திருப்பியிருக்க."

பார்த்தேன். திருப்பியிருந்தேன்.

"இடப்பக்கம்," என்றாள். "நீ இடப்பக்கம் மூச்சே எடுக்க மாட்டியே."

அவள் குரலில் குற்றம் சாட்டுவது எதுவும் இல்லை. புரியாத ஒன்றைத் தெரிந்தவளிடம் கேட்கிறாள், அவ்வளவுதான். வாய் திறந்திருக்கிறதா என்று நான் திரையை உற்றுப் பார்த்தேன். மூடியிருந்தது. காற்றுக்காகத் திரும்பிய தலை இல்லை அது. ஒரு சாண் அங்கே போயிருந்தது. நான் தோற்றது அதிலும் குறைவான தூரத்தில்.

"மூச்சு எடுக்கல," என்றேன். "நீ எங்க வர்றன்னு பார்த்தேன்."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள்.

"இன்னொண்ணு இருக்கு, நித்தியா. அன்னைக்கு ரெண்டுன்னு சொன்னேன்ல. பொய். நான் ஒண்ணுதான் எடுப்பேன்."

அவள் கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்தாள். சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். செம்பனை வரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து மூடின.

"என்னா ரெண்டு பேரும் ஊமையாயிட்டீங்க?" என்றான் அண்ணன் கண்ணாடியில் பார்த்து. "பசியா? அசாம் ஜாவால நிறுத்தவா?"

அவள் அழுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். பொய் இல்லாமல் இருந்தால் அவள் இன்னும் ஒரு சாண் முன்னால் போயிருப்பாள் என்ற கணக்கை அவளும் போட்டுக்கொண்டிருந்தாள் என்பது அவள் தோளைப் பார்த்தாலே தெரிந்தது.

அசாம் ஜாவா சந்திப்பில் சிவப்பு விளக்கு. கார் நின்றது. அப்போதுதான் அவள் பேசினாள், சன்னலிலிருந்து திரும்பாமல்.

"எங்க எடுப்ப? முப்பதுலயா, முப்பத்தஞ்சுலயா?"

வயிறு இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

"முப்பதுல," என்றேன். "முப்பத்தஞ்சு லேட்டு. ஏன்னு சொல்றேன், கேளு."