மாற்றத்துக்கான காரணம்

இராசமணி அம்மாள் தேத்தண்ணியைத் தொடவே இல்லை. பால் தேத்தண்ணி ஆறி ஆடை கட்டிவிட்டது. பெரியாயி அதைப் பார்த்தும் பார்க்காதவளாகக் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். வீட்டில் இருந்த இரண்டு கதிரைகளிலும் வந்தவர்கள் இருந்தார்கள். பெண்ணைப் பெற்றவள் நிற்கிறாளே, உட்காரட்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பெரியாயிக்கே தோன்றவில்லை.

லுணுகலையிலிருந்து மேலே ஏறி வரவேண்டிய அந்தத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்துக்கு, பதுளையில் பெரிய கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற குமாரசிங்கமும் அவர் மனைவி இராசமணியும் வேன் பிடித்து வந்ததே பெரிய விஷயம். பூர்வீகம் யாழ்ப்பாணம். அவர்கள் மகன் கிஷாந்தன் பல்கலைக்கழகத்தில் தற்காலிக விரிவுரையாளன். அதே ஆய்வுகூடத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த பெரியாயியின் மகள் சுபாஜினியை அவனுக்குப் பிடித்திருந்தது. அவளுக்கும் அவனைப் பிடித்துத்தான் இருந்தது. கொழுந்து பறிப்பவள் மகளுக்கு இப்படி ஓர் இடம் வந்தது பெரியாயிக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி.

"நாங்கள் காணி கேக்கேல்ல, காசு கேக்கேல்ல, நகையும் கேக்கேல்ல," என்றாள் இராசமணி. "தோட்டத்துப் பிள்ளை எண்டும் பாக்கேல்ல. ஒரு சதமும் வேண்டாம்."

பெரியாயி கையெடுத்துக் கும்பிட்டாள். உள்ளறையில் நின்ற சுபாஜினிக்கு அந்தக் கும்பிடு சுவர் இடுக்கு வழியே தெரிந்தது.

"ஒண்டே ஒண்டுதான். உங்கட மகள் எழுதின கட்டுரை ஒண்டு வெளிநாட்டுச் சஞ்சிகையில வரப்போகுதாம். அதில எங்கட தம்பி கிஷாந்தன்ர பேர் முதலாவதா வரட்டும். எல்லாம் ஒரே குடும்பத்துக்குள்ளதானே."

பெரியாயிக்குச் சிரிப்பே வந்துவிட்டது. இவ்வளவுதானா?

"அதுக்கென்னங்கம்மா, தாராளமா போட்டுக்கிருங்க," என்றாள்.

பிள்ளை பாவம், கலியாணம் முடிந்தால் வீட்டு வேலையே தலைக்கு மேல் இருக்கும், முதலாம் பெயர் என்றால் ஊர் உலகத்துக்கெல்லாம் பதில் எழுதிக்கொண்டிருக்க வேண்டும், அந்தப் பாரம் அவளுக்கு எதற்கு என்று இராசமணி உருகினாள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். குமாரசிங்கம் மட்டும் கூரைத் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட வந்தும் வீட்டுக்குள் வராமல் வேனடியில் கிஷாந்தன் காத்திருந்தான். பெயர் வரிசையை மாற்றச் சஞ்சிகை அனுப்பிய படிவத்தைச் சுபாஜினியின் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னான். முகம் கொடுத்துப் பேச அவனால் முடியவில்லை. கெட்டவன் என்று சொல்ல முடியாது. பயந்தவன்.

"நிரந்தர நியமனத்துக்கு மார்ச்சில நேர்முகம். முதல் பேர் இல்லாட்டி என்னை எடுக்க மாட்டினம். உமக்கென்ன, இன்னும் எத்தினையோ எழுதுவீர். விட்டுக்குடுக்கிற ஆள்தான் காரணம் எழுதோணுமாம். அதை மட்டும் நீர் எழுதும்."

"நம்ம ஆய்வுகூடப் பேராசிரியர் என்ன சொல்றாரு?"

"நீங்களே கதைச்சு முடிவெடுங்கோ எண்டார்."

அவள் தலையை ஆட்டினாள். சரி என்றா, கேட்டது என்றா என்று அவளுக்கே தெரியாது. கோபம் வரவேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை. வேன் திரும்பி இறங்கிப் போவதை யாருடைய வேனோ போவதைப் போலப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தக் கட்டுரைக்கு மூன்று வருஷம் போயிருந்தது. ஏழாம் நம்பர் மலையில் முப்பது வருஷமாகக் களைப் புல்லைக் கொல்ல மருந்து அடிக்கிறார்கள். அந்த மருந்தையே தின்று உயிர் வாழும் ஒரு நுண்ணுயிரை அந்த மண்ணிலிருந்தே அவள் பிரித்தெடுத்தாள். எந்த மரபணு அதற்கு அந்தச் சக்தியைக் கொடுக்கிறது என்பதையும் கண்டுபிடித்தாள். அவளுடைய அப்பா இராமையா பதினெட்டு வருஷம் அந்த மருந்துத் தாங்கியை முதுகில் சுமந்தவர். என்ன வருத்தம் வந்து செத்தார் என்று ஆஸ்பத்திரியில் யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. இப்போது சுவரில் படமாக இருக்கிறார். மழைக்காலம், வெயில்காலம் என்று பார்த்து நாற்பத்திரண்டு முறை மண் எடுத்து வந்தது பெரியாயிதான். ஒவ்வொரு முறையும் கொழுந்துக் கூடையின் மூலையில் சிறு பையாகக் கட்டிக்கொண்டு வருவாள். கிஷாந்தன் ஆங்கிலத்தைத் திருத்தினான், இரண்டு வரைபடம் போட்டுக் கொடுத்தான். அதற்கு இரண்டாம் பெயர் என்பதே தாராளம்தான். ஆசையில் போட்டது.

சாயந்தரம் பெரியாயி அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டே கலியாணக் கணக்குப் போட்டாள். சுபாஜினி மடிக்கணினியைத் திறந்து வைத்துப் படிவத்தைப் பார்த்தபடி இருந்தாள்.

"ஏன்டி ஒரு மாதிரியா இருக்க? பேருதானே. கட்டிக்கிட்டா எப்படியும் அவரு பேருதானே உனக்கு?"

"அது வேறம்மா."

"என்ன வேற?"

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. முதல் பெயர் யாருடையதோ வேலையும் அவருடையது என்றுதான் உலகம் எடுத்துக்கொள்ளும். அடுத்த படிப்பு, உத்தியோகம் எல்லாம் அதை வைத்துத்தான். இதையெல்லாம் சொல்லிப் பார்த்தாள். தாய்க்குப் பிடிபடவில்லை. கடைசியில், குரலில் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லாமல், பாடம் ஒப்பிப்பவள் போலச் சொன்னாள்:

"நீ பறிச்ச கொழுந்த இன்னொருத்தி பேர்ல போடுற மாதிரி."

ரொட்டி தட்டிய கை நின்றது.

ரொட்டி தீயும் மணம் வந்த பிறகுதான் பெரியாயி கல்லை இறக்கினாள்.

"நீ வயித்துல இருக்கிறப்ப," என்று தொடங்கினாள். "கொழுந்து நிறுக்குற மடுவத்துல நிறுத்துட்டு நிக்கிறேன். கணக்கப்பிள்ளை எங்கொழுந்துல எட்டுக் கிலோவ அவருக்கு வேண்டியவ பேர்ல எழுதிப்புட்டாரு. கேட்டதுக்கு, எல்லாம் ஒரே தோட்டத்துக் கொழுந்துதானேன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

"ஏம்மா சிரிச்ச?"

"வேற என்ன செய்ய? இருவத்தேழு வருசமாச்சு. இன்னமும் கூடைய எறக்குறப்ப அந்த எட்டுக் கிலோ ஞாபகம் வருது."

இந்தக் கதையை அவள் மகளிடம் சொன்னதே இல்லை. வெட்கப்பட்டவள் பெரியாயிதான், எழுதியவன் அல்ல. உலக நியாயம் அப்படி.

"அந்த ஃபாரத்துல என்ன கேக்குறாங்க?"

"ஏன் பேர மாத்துறீங்கன்னு காரணம் கேக்குறாங்க."

"அப்ப உள்ளத எழுது," என்றாள் பெரியாயி. கருகிய ரொட்டியைச் சுரண்டத் தொடங்கினாள்.

சுபாஜினி படிவத்தைக் கீழே இழுத்தாள். மாற்றத்துக்கான காரணம் என்று ஒரு பெட்டி. அதில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல்லை எழுதினாள்: சீதனம். வெளிநாட்டுக்காரருக்கு விளங்காமல் போகலாம் என்று இன்னொரு வரியும் சேர்த்தாள்: எங்கள் நாட்டில் கலியாணத்தின்போது பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுக்கும் பொருள். கையொப்பம் போட்டு, கிஷாந்தனுக்கும் பேராசிரியருக்கும் பிரதி வைத்து அனுப்பினாள். எதை இழக்கிறோம் என்று தெரிந்துதான் அனுப்பினாள். பிறகு கருகிய ரொட்டியைச் சம்பலோடு தின்றாள்.

இரண்டு நாளில் பதில் வந்தது. பெயர் வரிசையை மாற்ற இதை ஒரு காரணமாக ஏற்க முடியாது, இருந்தபடியே இருக்கும் என்று இரண்டே வரி. தலைமுறை தலைமுறையாக இந்த நாட்டில் யாரும் சொல்லாத வார்த்தையை, முகம் தெரியாத யாரோ ஓர் ஆள் அலுவலக வேலையோடு வேலையாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பேராசிரியர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. கிஷாந்தனின் அழைப்புகள் அன்றோடு நின்றன.

பதுளையில் இராசமணி சொல்லாத இடமில்லை. "ஒரு சதம் கேக்கேல்ல. எண்டாலும் அதுகளுக்கு அவ்வளவு தலைக்கனம்." கேட்டவர்கள் எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். அவள் சொன்னதில் பொய்யும் இல்லை. ஒரு சதம்கூடக் கேட்கவில்லைதான்.

பேச்சு மலையேறித் தோட்டத்துக்கும் வந்தது. கட்டுரை வெளியான வாரம், அம்மாவுக்குத் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு சுபாஜினி கொழுந்து மடுவத்துக்குப் போனாள். நிறுவைக்குப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். பெரியாயிக்குப் பின்னால் நின்றவள் கேட்டாள்:

"ஒண்ணுமே கேக்கலியாமே அக்கா? அப்பிடிப்பட்ட எடத்த ஏன் விட்டீங்க?"

பெரியாயி கொழுந்தைத் தராசில் ஏற்றினாள்.

"எம்மக பறிச்சத அவங்க பேர்ல போடச் சொன்னாங்க."

அதற்கு விளக்கம் தேவைப்பட்டவள் அந்த வரிசையில் ஒருத்தியும் இல்லை.

இப்போது இருப்பது இளவயதுக் கணக்கப்பிள்ளை. தராசைப் பார்த்துப் பத்தொன்பது என்றான். சரி, எடுங்க என்றான். பெரியாயி எடுக்கவில்லை. கொழுந்தின் மேல் ஒரு கையை வைத்தபடி, அவன் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எழுதுங்க தம்பி," என்றாள். "எழுதினாப் பொறகு எடுக்கிறேன்."