பெட்டி ஒண்ணு, மெஷின் மூணு

மத்தியானச் சாத்தல் முடிந்து கடை திறந்ததும் சந்திரகலா அக்கா முதல் பில்லைத் தட்டினாள். தட்டிவிட்டு மாடியை நிமிர்ந்து பார்த்தாள். "ராஜாங்கம், உன் மெஷின் இன்னும் எழுந்திருக்கலடா."

இறங்கிப் போய்ப் பார்த்தேன். திரையில் சிவப்புக் கட்டம். தேதி, நேரம் தவறு, பில் போட முடியாது. ஒரு வாரமாக இதே கூத்து. காலையில் குதிரை மாதிரி ஓடுவது, மத்தியானம் சாத்திவிட்டுத் திறந்தால் படுத்துக்கொள்கிறது.

பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் எங்கள் மருந்து மொத்தக் கடை. அங்கே நான் கம்ப்யூட்டர் ஆள். குடோனில் அட்டைப்பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவன், சாயங்கால இன்ஸ்டிட்யூட் ஒன்றில் படித்து மாடி ஏறினேன். கருவடிக்குப்பத்தில் மாமனார் வீட்டில் மட்டும் நான் சிஸ்டம் மேனேஜர். அவர்கள் இதுவரை கடைக்கு வந்ததில்லை, கடவுள் இருக்கிறார்.

பில்லுக்கு ஒன்று, ஸ்டாக்குக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று என்று மூன்று சர்வர்கள் இருந்தன. கடல் காற்றில் மூன்றும் துருவேறிப்போயின. ஒரே ஒரு நல்ல பெட்டி வாங்கி, அதற்குள் மூன்று விர்ச்சுவல் மெஷின்களாகப் போட்டுவிடலாம் என்று முதலாளி கமருஸ்ஸமான் பாயிடம் சொன்னேன். "ஒரே வீடு, மூணு போர்ஷன் பாய்."

பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பெட்டி ஒண்ணு, மெஷின் மூணு. ஆனா மூணும் ஒண்ணு. இதையே இஸ்கூல்ல ஃபாதர் எனக்குச் சொல்லிக் குடுத்தாரு. அப்பவே புரியல. சரி, செய்யி. சாஃப்ட்வேர் கம்பெனிக்காரன் இதுக்கும் வந்து பாப்பான்ல?"

"பாக்காம எங்க போவான் பாய்?" என்றேன். கேட்டுவிட்டுச் சொல்லியிருக்கலாம்.

அந்தக் கம்பெனிக்காரர் புருஷோத்தமன் அன்றைக்குத்தான் சென்னையிலிருந்து வந்திருந்தார். வருஷா வருஷம் வருவார். ஒவ்வொரு மெஷினையும் கண்ணால் பார்த்து, துணியால் துடைத்து, நம்பர் போட்ட ஸ்டிக்கரை ஒட்டுவார். ஸ்டிக்கர் இருந்தால் சப்போர்ட் உண்டு, இல்லாவிட்டால் போனைக்கூட எடுக்கமாட்டார்கள். நான் கீழேயிருந்து மாடிக்குத் திரும்பியபோது ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் பெட்டியைப் பிரதட்சணம் போல் சுற்றிவந்தார்.

"இன்னும் ரெண்டு எங்க சார்?"

"இதுக்குள்ளதான்."

குனிந்து காற்று வரும் ஓட்டை வழியாகப் பார்த்தார். பிறகு, வீட்டில் யாருக்கோ வந்த வியாதியை விசாரிப்பது போலக் குரலைத் தாழ்த்தினார். "விர்ச்சுவலா?"

"ஆமா."

"அதுக்கு நாங்க சப்போர்ட் பண்றதில்ல சார். நிஜ மெஷின்ல போட்டு இதே தப்பு வருதுன்னு காட்டுங்க, பாக்குறோம்."

"உங்க ஆபீஸ்ல எதுல ஓட்டுறீங்க?"

"எங்க ஆபீஸ்ல எல்லாமே விர்ச்சுவல்தான். அதனாலதான சார் வேணாங்கறோம்."

அதற்குள் தெருவிலிருந்து வேன் டிரைவர் கலியமூர்த்தி கத்தினான். "அண்ணே, ஐஸ் தண்ணியாவுது! பில்லு வருமா வராதா?" திண்டிவனத்து ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய இன்சுலின். பில் இல்லாமல் செக்போஸ்ட்டைத் தாண்ட முடியாது. எங்கள் ஊரில் வண்டியை மூன்றாவது கியரில் போட்டால் அடுத்த மாநிலம் வந்துவிடும்.

பாய் மாடி ஏறி வந்தார். கத்தினால் தேவலை. அவர் கத்தமாட்டார். "சப்போர்ட் இல்லன்னா பழையபடி மூணு மெஷினே வாங்கிடுவோம். நீயும் பழையபடி குடோனப் பாத்துக்க." டீ சாப்பிட்டுவிட்டு வா என்பது போலத்தான் சொன்னார்.

அவர் இறங்கிப்போனதும் சந்திரகலா அக்கா மேலே வந்தாள். "துருப்புடிச்ச பெட்டிங்க குடோன்லதான கெடக்கு? எடுத்தாந்து பக்கத்துல வையி. அந்தத் தம்பி ஒட்டிட்டுப் போவட்டும்."

நான் புருஷோத்தமனைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். "பெட்டியத் தொறந்து பாக்கணும்னு ரூல் ஒண்ணும் இல்ல சார்" என்றார்.

மூன்றில் இரண்டு பெட்டிகளைத் தூக்கிவந்தோம். உள்ளே இருந்ததையெல்லாம் நான் எப்போதோ கழற்றிவிட்டேன், கரப்பான்பூச்சிகளைத் தவிர. அவர் காற்றுக்குமிழ் இல்லாமல் அழகாக ஒட்டினார். பிறகு சென்னைக்குப் போன் போட்டு என்னிடம் கொடுத்தார். எடுத்தது துர்கா என்று ஒரு பெண்.

"பில்லிங் மெஷினோட ஸ்டிக்கர் நம்பர் சொல்லுங்க சார்."

காலிப் பெட்டியிலிருந்து படித்துச் சொன்னேன்.

"மெஷின் பக்கத்துல இருக்கீங்களா?"

"கைய வெச்சிக்கிட்டுதாம்மா நிக்கிறேன்." சில்லென்று இருந்தது.

"மத்தியானம் ஆஃப் பண்றீங்களா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடை சாத்தும்போது விர்ச்சுவல் மெஷின்களை அப்படியே நிறுத்திவைத்து, ஒரு நகல் எடுத்துவிட்டு, திறக்கும்போது எழுப்பிவிடுவேன். ஒரு வாரமாகத்தான் இந்தப் புத்திசாலித்தனம். நிறுத்திய நிமிஷத்திலேயே அதன் கடிகாரமும் நின்றுவிடும். எழுந்ததும் இன்னும் மணி ஒன்று என்று நினைத்துக்கொள்ளும். சுற்றியிருக்கும் கம்ப்யூட்டர்களில் நாலு. சண்டை வராமல் என்ன செய்யும்? நிஜ மெஷினை நிறுத்தினாலும் அதன் கடிகாரம் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். சொன்னால் விர்ச்சுவல் என்று தெரிந்துவிடும். மறைத்தால் இதற்கு வழி என்ன என்று எனக்குத் தெரியாது, ஐஸ் உருகும்.

"ஆஃப் பண்றதில்லம்மா. இங்க மத்தியானம் ஊரே தூங்கும். அதுவும்..."

மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. "தூங்குதா?"

"ம்."

"யாரு தூங்க வைக்கிறது?"

"நான்தான்."

பிறகு மெதுவாக, "இத நான் எழுதல சார்" என்றாள். "தூங்கி எழுந்ததும் நீங்க மொதல்ல என்ன பண்ணுவீங்க?"

"காப்பி குடிப்பேன்."

"அதுக்கு முன்னாடி."

"...மணி பாப்பேன்."

"அதையும் பாக்கச் சொல்லுங்க. எழுந்த ஒடனே, வெளிய இருக்கற பெரிய கடிகாரத்தப் பாத்துக்கச் சொல்லி ஒரு இடத்துல டிக் அடிக்கணும். எங்கன்னு நான் சொல்லக் கூடாது. நீங்களே கண்டுபிடிச்சிடுவீங்க."

தேடினேன். இருந்தது. அடித்தேன். கீழே பிரிண்டர் கரகரவென்று பில்லைத் தள்ளியது. சந்திரகலா அக்கா கிழித்துக் கொடுக்க, கலியமூர்த்தி யாரையோ திட்டிக்கொண்டே வேனைக் கிளப்பிப் போனான்.

பாய் மறுபடியும் மேலே வந்தார். "சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சு பாய்."

"யாரு சரி பண்ணது? கம்பெனியா, நீயா?"

யோசித்துப் பார்த்தேன். செய்தவள் செய்யவில்லை என்கிறாள். அடித்தது நான், ஆனால் எனக்குத் தெரிந்து அடிக்கவில்லை. "கொஞ்சம் கொழப்பமா இருக்கு பாய்" என்றேன்.

அவர் புருஷோத்தமன் பக்கம் திரும்பினார். "அப்ப சப்போர்ட் உண்டா?"

"அதான் ஸ்டிக்கர் ஒட்டியாச்சே பாய்." அவர் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்று பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

பாய் மூன்று பெட்டிகளுக்கும் முன்னால் வந்து நின்றார். இரைந்துகொண்டிருந்ததன் மேல் உள்ளங்கையை வைத்து எடுத்தார். அடுத்ததன் மேல் வைத்தார். மூன்றாவதன் மேல் வைத்த கையை ரொம்ப நேரம் எடுக்கவேயில்லை. பழைய பெட்டிகள் அங்கேயே இருக்கின்றனவா என்று பார்க்கக் குடோன் சாவியைக் கேட்கப்போகிறார் என்று நான் சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டேன். அவர் கேட்கவில்லை. மூலையிலிருந்த பெடஸ்டல் ஃபேனை இழுத்து, காலிப் பெட்டிகள் இரண்டின் மேலும் காற்று விழுகிற மாதிரி திருப்பி, கழுத்துத் திருகாணியை இறுக்கிவிட்டுக் கீழே போனார்.

காற்றில் ஒரு பெட்டியின் தளர்ந்த தகடு லேசாகத் தாளம் போட்டது. பக்கத்தில் நிஜப் பெட்டி சூட்டில் இரைச்சலைக் கூட்டிக்கொண்டே போனது. ஃபேனை இதன் பக்கம் திருப்பினால் மற்றது இரண்டும் காலி என்று நானே காட்டிக்கொடுத்ததாகிவிடும். திருப்பலாமா கூடாதா என்று தெரியாமல், திருகாணியில் கைவைத்தபடி நான் நின்றுகொண்டிருந்தேன்.