எழுபது நிமிடம்

ஜெஃப்ரி தேயிலைச் சரிவில் சறுக்கிச் சறுக்கி இறங்கியபோது, கல்லறைத் தோட்டத்திலிருந்து ஆட்கள் குடையோடு ஏறி வந்துகொண்டிருந்தார்கள். எதிரே வந்த தபித்தாள் அத்தை அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கப்பாவ எடுக்காம நாலு மணி வரைக்கும் பாத்தோம் கண்ணு. ரெண்டு நாளா கரண்ட் இல்ல, ஐஸ் பெட்டியும் ஓடல. இருட்டிப்போச்சுன்னா பெட்டியத் தூக்கிட்டு இந்தச் சரிவுல எறங்க முடியாதுன்னு போதகர் சொல்லிப்போட்டாரு."

மணி ஐந்தாகியிருந்தது.

கீழே புது மண்மேட்டருகில் தங்கை ஜெபிஷா நின்றிருந்தாள். படுத்த படுக்கையான அப்பாவை இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். அண்ணன் பக்கம் அவள் திரும்பவில்லை.

"காலைல ஆறு மணிக்கே உங்க ஆபீசுக்குப் போன் பண்ணிட்டேன். ஏழரைக்குத்தான் கெளம்பிருக்க. அப்பிடி என்ன வேல?"

"கப்பலுக்கு கேஸ் ஏறிட்டிருந்துச்சு. அடுத்த ஷிப்டு ஆளு வரல."

"ஒரு சுவிட்சத் தட்டிப்போட்டு வர வேண்டியதுதான?"

சுவிட்ச் இருந்தது. சிவப்பாக, கைக்கெட்டும் தூரத்தில். துறைமுக மேடையில் செல்பேசிக்கு அனுமதி கிடையாது. மேலாளர் நடந்தே வந்து சேதியைச் சொன்னதும் அவன் கை அந்தச் சுவிட்ச் மேல்தான் போய் நின்றது. தட்டினால் வால்வு சட்டென்று மூடிக்கொள்ளும். நீளக் குழாயில் விரைந்து வரும் திரவ வாயு மூடிய வால்வில் முட்டி, அழுத்தம் ஒரே அடியாய் எகிறும். பெரும்பாலும் குழாய் தாங்கிவிடும். தாங்காத நாள் ஒன்றை அவன் பார்த்திருக்கிறான். இன்று காலையும் மேடையில் ஆறு பேர் நின்றிருந்தார்கள்.

கையை எடுத்துக்கொண்டான். கப்பலுக்குச் சொல்லி, பம்புகளை ஒவ்வொன்றாகத் தணித்து, வால்வை இழை இழையாக இறக்கி, குழாயை வடித்துக் கழற்றி முடிக்க எழுபது நிமிடம் ஆனது. அந்த நேரம் மட்டும் கையில் இருந்திருந்தால் நாலு மணிக்கு முன்பே வந்திருப்பான். மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும் வழியெல்லாம் இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டு வந்தான்.

அப்பாவிடம் முன்பு இந்த வேலையை விளக்கியிருக்கிறான். தேயிலை பாக்டரியில் முப்பது வருடம் உழைத்த சுவிசேஷமுத்து, "ஒரு குழாய மூட இத்தன நேரமாடா? நம்மூட்டுக் குழாயில தண்ணி வர்றதே அரமணி நேரந்தான்!" என்று இருமல் வரும்வரை சிரித்தார்.

இதில் எதையும் ஜெபிஷாவிடம் சொல்லத் தோன்றவில்லை.

"தட்டிருக்கலாம்," என்றான்.

அவள் முதல்முறையாக அவன் முகத்தைப் பார்த்தாள்.

குழி வெட்டிய செல்லக்கண்ணு மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கினார். "தம்பி, உங்க கைமண்ணு பாக்கி நிக்குதுங்க. மகன் வர்றாருன்னாங்க, ஒரு கூட மண்ண போடாம வெச்சிருக்கேன்."

ஜெஃப்ரி கூடைக்குள் இரு கைகளையும் விட்டு ஈரமண்ணை அள்ளினான். மேடு முழுக்க மாலைகள் மூடிக் கிடந்தன. எங்கே போடுவதென்று தெரியாமல் அப்படியே நின்றான். விரலிடுக்கில் செம்மண் நீர் சொட்டியது.

ஜெபிஷா குனிந்து, தலைமாட்டில் கிடந்த சாமந்தி மாலையைச் சற்று ஒதுக்கினாள்.