குமதாகாவின் இடுப்பு

ஹிராய்வா மிட்சுயோவுக்கு இருபத்து நான்கு வயதில் கிடைத்த பெயர் அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு அவளுக்குச் சோறு போட்டது. 'குமதாகாவை வரைந்தவள்' என்ற பெயர். குமதாகா என்றால் மலைப்பருந்து. தொலைக்காட்சி ரோபோத் தொடர் ஒன்றின் நாயகன். போர் விமானமாகச் சீறி வரும். தரையை நெருங்கியதும் இரண்டு கால் இறக்கி, மனித உருவில் எழுந்து நிற்கும். அந்த மாற்றம் மூன்று நொடிதான். அந்த மூன்று நொடிக்காக ஞாயிற்றுக்கிழமை மதியம் ஜப்பான் முழுக்கப் பிள்ளைகள் சோற்றுக் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தப் பிள்ளைகளெல்லாம் கழுத்துப்பட்டை கட்டி அலுவலகம் போகிற வயதுக்கு வந்த பிறகு, குமதாகா யாருக்குச் சொந்தம் என்று வழக்கு வந்தது.

தொடரை யோசித்துப் பணம் திரட்டியது தோயோமி நிறுவனம். படம் படமாக வரைந்து தயாரித்தது மினாசே ஸ்டுடியோ. பொம்மை செய்து விற்றது ஹோரியே என்ற சின்னக் கம்பெனி. அது நாலே வருஷத்தில் திவாலாகிப் போனது. இதற்கு நடுவே மினாசே, தொடரை ஓர் அமெரிக்க நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. அவர்கள் அதை வெட்டி, ஒட்டி, கதையையே மாற்றி, உருவாக்கியவர்கள் பெயரையெல்லாம் நீக்கி ஓட்டினார்கள். போதாததற்கு 'குமதாகா' என்ற சொல்லைத் தங்கள் நாட்டில் தங்கள் வணிகச் சின்னமாகவும் பதிவு செய்துகொண்டார்கள். அதன் பிறகு தோயோமி புதிதாக எந்தக் குமதாகாவை எடுத்தாலும் அது கடல் தாண்ட முடியவில்லை.

தோயோமி நீதிமன்றம் போனது. 'படம் உங்களுடையதாக இருக்கட்டும், உருவம் எங்களுடையது. அதை விற்க நீங்கள் யார்?' என்று கேட்டது. மினாசேயின் பதில் வேறு மாதிரி வந்தது. 'உருவம் உங்களுடையதும் இல்லை. அது ஹோரியேயின் அச்சுப் பட்டறையில் பிறந்தது. ஹோரியே மூழ்கியபோது அதன் உரிமையெல்லாம் நாங்கள் வாங்கிவிட்டோம்.'

ஆக, வழக்கு ஒரே கேள்வியில் வந்து நின்றது. முதலில் வந்தது பென்சிலா, உளியா?

அந்தச் சமயத்தில்தான் நகுமோ மிட்சுயோவைத் தேடி, அவள் குடியிருந்த ஓகிகுபோவுக்கு வந்தார். அந்தக் காலத்தில் தொடரின் இயக்குநர். இப்போது தோயோமியில் ஆலோசகர். ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த உடோன் நூடுல்ஸ் கடையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"என்ன மிட்சுயோ, இப்படி மெலிஞ்சுட்டே? கம்ப்யூட்டர்ல வரையற பசங்க உன் சோத்தைப் பிடுங்கிட்டாங்களா?"

"உங்களுக்கும் சேர்த்துத்தான் மெலிஞ்சிருக்கேன் சார். தோயோமி நாற்காலி உங்களை நல்லா கவனிச்சுக்குது போல."

நகுமோ வயிற்றைத் தடவிச் சிரித்தார். பிறகு பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, குழம்பு சிந்தாத இடமாகப் பார்த்து வைத்தார். "உன் வாக்குமூலம். வக்கீல் எழுதிட்டார். நீ படிச்சுட்டு முத்திரை குத்தினாப் போதும்."

அவள் படித்தாள். 'குமதாகாவின் உருவம் முழுவதையும், இடுப்பின் இயக்கம் உட்பட, தோயோமி நிறுவனத்தின் கட்டளைப்படி, அதன் வழிகாட்டலில், அதன் பணியாக நான் வரைந்தேன். ஹோரியேயின் மர மாதிரி என் வரைபடத்தைப் பார்த்துச் செதுக்கப்பட்டது.'

"'அதன் பணியாக'ன்னா என்ன சார்?"

"வக்கீல் பாஷை. அதைப் பிடிச்சுத் தொங்காதே. ஜெயிச்சா புதுத் தொடர் வரும், உலகம் முழுக்கப் போகும். முதல் பெயரா உன் பெயர் வரும். இதுக்கு நான் பொறுப்பு."

அவள் காகிதத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சகுமாவை என்ன பண்றது?"

"யாரு, அந்த ஹோரியே அச்சுப் பட்டறை ஆளா? போன மாசம் கோர்ட்டுக்கு வந்து, 'நான்தான் முதல்ல செதுக்கினேன்'னு சொல்லிட்டுப் போயிருக்கான். கட்டையைக் கேட்டா தொலைஞ்சு போச்சாம். தேதியைக் கேட்டா, அன்னைக்கு மழை பெஞ்சுதாம்." நகுமோ சாப்பாட்டுக் குச்சியைக் கீழே வைத்தார். "இங்க பாரு, நான் உன்னைப் பொய் சொல்லச் சொல்லலே. இருபது வருஷமா பத்திரிகைக்காரங்ககிட்ட என்ன சொல்றியோ அதையே அங்க வந்து சொல்லு."



மழை பெய்தது உண்மை. இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு பிப்ரவரி மாதம். அப்போது அவள் இருந்த ஒற்றை அறையின் கதவைத் தட்டிக்கொண்டு, நாளிதழில் சுற்றிய பொட்டலத்தோடு சகுமா நின்றார். நாற்பது வயது, கத்சுஷிகா பக்கத்துப் பட்டறைக்காரர்களின் உரத்த பேச்சு. பொம்மைக் கம்பெனியில் படம் போடுகிறவர்களை எல்லோரும் ஆசிரியர் என்று கூப்பிடுவது வழக்கம். அவர் வாயில் அது கொஞ்சம் கிண்டலாகவும் கொஞ்சம் பிரியமாகவும் வரும்.

"டீச்சரம்மா, கோச்சுக்காதீங்க. உங்க பருந்து பறக்கிறப்போ ராஜா மாதிரி இருக்கு. ஆனா எழுந்து நின்னா மூக்கு தொடையில இடிக்குதே! இப்படியே அச்சு போட்டா, வாங்கிப் போற பிள்ளைங்க காலை ஒடிச்சுட்டு அழும்."

அது அவளுக்கும் தெரியும். மூன்று வாரமாக அதே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றாள். சகுமா பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே உள்ளங்கை அளவு மரப் பருந்து. காலை அவர் மடக்கவில்லை. இடுப்பை முன்னால் இழுத்தார். ஒளிந்திருந்த ஒரு தண்டின் மேல் இடுப்பு வழுக்கி வந்தது. கால்கள் தாமாகக் கீழே விழுந்தன. மூக்கு மார்புக்குள் போய் உட்கார்ந்தது.

"கால் விழ இடமில்லேன்னா காலை என்ன பண்றது? இடுப்பை நகர்த்தணும். அவ்வளவுதான்."

அந்த வாரமே அவள் அதை வரைந்தாள். சகுமாவின் கட்டையில் இருந்தது வழி மட்டும். அழகு அவள் கையிலிருந்து வந்தது. தொடர் வெற்றி பெற்ற பிறகு முதல் பேட்டியில் ஒருவன் கேட்டான்: "பெண்ணாக இருந்துகொண்டு இப்படி ஓர் இயந்திரம் எப்படித் தோன்றியது?" அறை முழுக்க ஆண்கள். பாதிப் பேர் முகத்தில், இவளுக்கு யார் வரைந்து கொடுத்திருப்பார்கள் என்கிற இளக்காரம். அவள் சொன்னாள்: "குடையை மடக்கும்போது தோன்றியது." எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்த பேட்டியில் அதையே சொன்னாள். பத்தாவது பேட்டியில் அந்தக் குடையின் நிறம்கூட அவளுக்கு நினைவுக்கு வந்துவிட்டது.

சகுமா ஒருநாளும் அதை மறுக்கவில்லை. யாரும் அவரைக் கேட்கவுமில்லை.

உடோன் கடையில், கைப்பையிலிருந்து தன் பெயர் முத்திரையை எடுத்து அவள் குத்தினாள்.

சாட்சிக் கூண்டில் நின்று உறுதிமொழியைச் சத்தமாகப் படித்தாள். மனசாட்சிப்படி உண்மையையே சொல்வேன், எதையும் மறைக்க மாட்டேன், எதையும் கூட்ட மாட்டேன். மினாசேயின் வக்கீல் ஒல்லியான ஆள். குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"இடுப்பு முன்னால் நகரும் யோசனை யாருடையது?"

"என்னுடையது."

"சகுமா அவர்கள் மர மாதிரியுடன் உங்கள் வீட்டுக்கு வந்தாரா?"

"வந்தார். என் படத்தைப் பார்த்துச் செதுக்கி எடுத்து வந்தார். சரியாக இருக்கிறதா என்று கேட்டார்."

"அவர் வருவதற்கு முன்பே அந்தப் படம் உங்களிடம் இருந்ததா?"

"இருந்தது."

சொல்லி முடித்ததும் அவளை அறியாமல் பார்வையாளர் வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். மூன்றாவது வரிசையில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, நன்றாக நரைத்துப்போன சகுமா உட்கார்ந்திருந்தார். கோபப்படுகிற முகமாகத் தெரியவில்லை. கணக்குத் தப்பாக வந்துவிட்டதோ என்று திரும்பக் கூட்டிப் பார்க்கிறவர் போல நெற்றியைச் சுருக்கியிருந்தார்.

தாழ்வாரத்தில் அவரே அவளிடம் வந்தார். அறைந்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று அவள் சுவரோரம் நின்றாள். அவர் தலை குனிந்து வணங்கினார்.

"டீச்சரம்மா, கடைசியில தொண்டை கட்டிப் போச்சு போல. கீழே மெஷின்ல சூடா டீ வரும், குடிச்சுட்டுப் போங்க."

தொப்பியை மாட்டிக்கொண்டு மாடிப்படியில் இறங்கிப் போய்விட்டார்.

தோயோமி வென்றது. குமதாகாவின் உருவம் தோயோமியின் பணியாக உருவானது, ஆகவே தோயோமிக்கே உரியது என்று தீர்ப்பு. மூன்று வருஷம் கழித்து அமெரிக்க நிறுவனத்தோடும் சமாதானம் ஆனது. டோக்கியோவில் பெரிய ஓட்டலில் அறிவிப்பு விழா நடந்தது. மிட்சுயோவுக்கு அழைப்பு வந்தது. பின்வரிசை நாற்காலியும் கிடைத்தது. திரையில் புதுத் தொடரின் முன்னோட்டம் ஓடியது. பருந்து இறங்கியது, இடுப்பு நகர்ந்தது, கூட்டம் ஆர்ப்பரித்தது. பிறகு பெயர்கள் வந்தன. மூல உருவமைப்பு: தோயோமி நிறுவனம்.

தவறாக ஓடிவிட்டது, சரி செய்வார்கள் என்று அவள் வீட்டுக்கு வந்தாள். அந்த வசந்த காலத்தில் கிச்சிஜோஜியில் ஒரு சின்னக் கூடத்தில் தன் பழைய ஓவியங்களைக் காட்சிக்கு வைக்க ஏற்பாடு செய்திருந்தாள். 'குமதாகா: ஹிராய்வா மிட்சுயோவின் வரைபடங்கள்' என்று அழைப்பு அட்டைகூட அச்சாகிவிட்டது. திறப்புக்குப் பத்து நாள் இருக்கும்போது தோயோமியின் சட்டப் பிரிவிலிருந்து மிகவும் மரியாதையான கடிதம் வந்தது. 'குமதாகா' என்ற பெயரும் உருவமும் பதிவு பெற்ற சின்னங்கள். அனுமதியின்றிப் பயன்படுத்த இயலாது. விண்ணப்பப் படிவம் இணைக்கப்பட்டுள்ளது. படிவத்தில் ஒரு கட்டம்: 'மேற்படி படைப்போடு விண்ணப்பதாரருக்கு உள்ள தொடர்பு.'

நகுமோவுக்குத் தொலைபேசியில் பேசினாள்.

"சார், நான் வரைஞ்சதை நான் சுவத்துல மாட்டக்கூடாதாமே?"

"அந்தப் பிரிவுல இருக்கிற பசங்க புதுசு. சட்டப்படி போறாங்க."

"முதல் பெயர் என் பெயர்னீங்களே. பொறுப்புன்னீங்களே!"

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. "நான் பேசிப் பார்த்தேன் மிட்சுயோ. உன் பெயரைத் தனியாப் போட்டா, அது நிறுவனத்தோட வேலையா உன்னோட வேலையான்னு மறுபடி எவனாவது கிளப்புவானாம். தீர்ப்பே அந்த ஒரு வரியிலதான் நிக்குது. 'அதன் பணியாக'ன்னு நீதானே சத்தியம் பண்ணிச் சொன்னே?"

"நீங்கதானே அது வக்கீல் பாஷைன்னு சொன்னீங்க."

"ஆமா. ஜெயிச்சது வக்கீல்தானே." அவர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "உடம்பைப் பார்த்துக்கோ" என்று வைத்துவிட்டார்.

காட்சி நடக்கவில்லை. அட்டைகளைக் கூடத்துக்காரர் கட்டித் திருப்பி அனுப்பினார்.

ஒரு வாரம் அவள் பென்சிலைத் தொடவில்லை. பிறகு உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினாள். பிப்ரவரி மழை, நாளிதழ்ப் பொட்டலம், மரப் பருந்து, நீதிமன்றத்தில் சொன்னது பொய் என்பது, எல்லாம். ரோபோ ரசிகர்கள் படிக்கும் மாதப் பத்திரிகைக்கு அனுப்பினாள். அதன் ஆசிரியர் அவளை இருபது வருஷமாக அறிந்தவர். நேரில் கூப்பிட்டு, காகிதத்தை மேசையில் அவள் பக்கம் தள்ளினார்.

"அம்மா, இதைப் போட்டா அடுத்த மாசத்துலேருந்து தோயோமி எங்களுக்கு ஒரு படம் தராது. குமதாகா இல்லாத அட்டையை எவன் வாங்குவான்? அதோட பொய்ச் சாட்சின்னு உங்க மேலயே வழக்கு பாயும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு அவள் கத்சுஷிகாவுக்கு ரயில் ஏறினாள்.

சகுமாவின் பட்டறை ஆற்றங்கரைக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது. இப்போது பொம்மை இல்லை. கடைகளில் விற்கும் சோற்றுப் பெட்டிகளுக்கு மூடி அச்சு செய்துகொண்டிருந்தார். எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே அவளுக்கு முக்காலியை இழுத்துப் போட்டார். கண்ணாடியை மூக்கில் ஏற்றி, எண்ணெய் படாதபடி கையை விலக்கி, காகிதத்தைத் தொடாமல் அவள் பிடித்திருக்கப் படித்தார். நிதானமாகப் படித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க."

"இதை மினாசே வக்கீல்கிட்ட கொடுக்கலாம். நான் வந்து சொல்றேன். என்ன ஆனாலும் சரி."

"கொடுத்து?"

"உண்மை வெளியே வரட்டும். இடுப்பு உங்களோடதுன்னு..."

"டீச்சரம்மா." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. தோயோமிக்காரன் உங்க பெயரைப் பெருசாப் போட்டிருந்தா, இன்னைக்கு இந்தச் சந்துக்கு வந்திருப்பீங்களா?"

அவள் காகிதத்தை மடியில் இறக்கினாள். பக்கத்துப் பட்டறையில் ஏதோ இயந்திரம் தட்டிக்கொண்டிருந்தது.

"அப்போ பொய் உங்களுக்கு உதவுச்சு. இப்போ உண்மை உதவுது. ரெண்டுலயும் என்னை எதுக்கு இழுக்கறீங்க? அன்னைக்கு அங்க உட்கார்ந்து கேட்டேனே, அப்போ எனக்கு வலிச்சுது. என் பெயர் போச்சேன்னு இல்லே. எம் பெயர் எங்க இருந்துச்சு, போறதுக்கு? அந்த மழையில நாம ரெண்டு பேரும் தரையில உட்கார்ந்து, அதை மடக்கி மடக்கிப் பார்த்து, கெக்கெக்கேன்னு சிரிச்சோமே. அது நடக்கவே இல்லேன்னு ஆக்கிட்டீங்க. அதுக்கு எந்தக் கோர்ட்டுல போய் என்னத்தை எழுதுவீங்க?"

அவள் தலை குனிந்தாள். மன்னிப்பு என்ற சொல்லை எடுத்தாள். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அது வேணாம். எனக்கு நாளைக்குக் காலையில நாலு அச்சு கொடுத்தாகணும். காகிதத்தை உள்ளே வைங்க, எண்ணெய் பட்டுடும்."

இயந்திரத்தைப் போட்டார். அந்தச் சத்தத்தில் இனி எதுவும் பேச முடியாது. வாசலில் அவர் மனைவி, விருந்தாளியைச் சும்மா அனுப்பக்கூடாதே என்று ஒரு பையில் ஆரஞ்சுப் பழங்களைப் போட்டு இரண்டு கையாலும் நீட்டினாள். வாங்காமல் இருக்க முடியவில்லை. வணங்கி வாங்கிக்கொண்டாள்.

ரயில் நிலைய நடைமேடையில் காகிதத்தை மறுபடி படித்தாள். சகுமாவுக்காக எழுதிய பக்கம். எண்ணிப் பார்த்தாள்: இருபத்திரண்டு வாக்கியங்களில் பதினேழு 'நான்' என்று தொடங்கியிருந்தன.